கவுட் பற்றிப் படம் எடுப்பவர்கள் ஒருமுறை மலையேறி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை நடத்தும் பெண் நான். டி.பார்ம் படித்தவள். கவுட் என்கிற மூட்டு நோயை வராமல் தடுப்பது எப்படி என்று செல்போன் படங்கள், ஒலிப்பதிவுகள், இணையப் பாடங்கள் வழியாக ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. வரவேற்கிறேன். கூடவே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த நோயைப் பற்றி எங்கள் மலைக்காரர்களுக்குச் செல்போன் ஏற்கெனவே ஏகப்பட்டது சொல்லிக்கொடுத்துவிட்டது. என் கடைக்கு வந்து சேரும் வரையில் பார்த்தால், அதில் பாதிக்கு மேல் பிழை. ஆகவே புதிதாகப் பாடம் எடுக்கப் போகிறவர்கள், ஒன்றுமே தெரியாதவர்களிடம் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம். தப்பாகத் தெரிந்துவைத்திருப்பவர்களிடம் வருகிறீர்கள். அது வேறு வேலை. இன்னும் கடினமான வேலை.

கோயில் கிடாவெட்டு முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டியபடி ஒருவர் கடைப்படி ஏறுவார். கால் கட்டைவிரலின் அடிமூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கியிருக்கும். நடுராத்திரியில் திடீரென்று பிடித்ததாகச் சொல்வார். போர்வை உரசினாலும் உயிர் போகிறது என்பார். காப்பித் தோட்டத்தில் கல் தடுக்கியிருக்கும் என்று வீட்டில் சொல்லி, சுளுக்கு எடுப்பவரிடம் போய் அந்த விரலை நீவி இழுத்துவிட்டிருப்பார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கே கால் கூசுகிறது. என்னிடம் வலி மாத்திரை கேட்கும்போதே இன்னொரு கையில் செல்போனை நீட்டுவார். "அக்கா, இதில் சொல்வதுபோல் செய்தால் மூன்று நாளில் யூரிக் ஆசிட் கரைந்து போய்விடுமாம். இந்தப் பொடி உங்களிடம் இருக்கிறதா?"

வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் படத்தில் பேசிக்கொண்டிருப்பார். அவர் மருத்துவரா, நடிகரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்குக் கீழே "எனக்குக் குணமாகிவிட்டது, நன்றி" என்று வரிசை வரிசையாக எழுதியிருப்பார்கள். அப்படி எழுதுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கலே அதில்தான் இருக்கிறது. கவுட் வலி, எந்த மருந்தும் எடுக்காவிட்டாலும் ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ தானாகவே அடங்கிவிடும். அந்த நோயின் குணம் அப்படி. எலுமிச்சைச் சாறு குடித்தவருக்கும் அடங்கும், வெந்தயம் தின்றவருக்கும் அடங்கும், மந்திரித்துக் கயிறு கட்டியவருக்கும் அடங்கும். யார் எதைச் செய்தாரோ அதற்கே பெயர் கிடைக்கும். பிறகு சில மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி பிடிக்கும்போது, பழைய வைத்தியத்தைச் சரியாகச் செய்யவில்லை என்று தன்னையே நொந்துகொள்வார்கள். வலி இல்லாத அந்த இடைப்பட்ட காலத்திலும் மூட்டுக்குள் யூரிக் அமில உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதை எந்த வீடியோவும் அவர்களுக்குச் சொல்லியிருக்காது.

நல்ல பாடம் ஒன்று தயாரானால், அதில் முதலில் வர வேண்டியது இந்த விஷயம்தான். "வலி தானாக அடங்கும்; அடங்கியது குணமானதாகாது." தடுப்பு, உணவு எல்லாம் அதற்குப் பிறகு. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும், கேட்பவர் மனதில் ஏற்கெனவே இருக்கும் எலுமிச்சைச் சாற்றை வெல்ல முடியாது.

அடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். நம் உடம்பின் செல்களிலும் நாம் சாப்பிடும் பொருள்களிலும் ப்யூரின் என்று ஒன்று இருக்கிறது. அது சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உடம்பே உண்டாக்குவது. மீதிதான் சாப்பாட்டிலிருந்து வருவது. சிறுநீரகம் அதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும். சரியாகத் தள்ளாதபோது ரத்தத்தில் அளவு கூடுகிறது. ஒரு டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அதற்குமேல் கரைந்திருக்க முடியாமல், ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படியத் தொடங்கும். உடம்பின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் கால் நுனியில் படிவது இன்னும் சுலபம். இதை விளக்க இணையத்தில் நீலமும் ஊதாவுமாக என்னென்னவோ அனிமேஷன் காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அதற்கு அவசியமே இல்லை. மார்கழிக் குளிரில் மலைத்தேன் புட்டியின் அடியில் சர்க்கரைபோல் உறைந்து நிற்பதை இங்கே பார்க்காதவர் கிடையாது. அந்தப் புட்டியை ஒருமுறை காட்டினால் போதும், பளியர் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து வரும் பாட்டிக்கும் விளங்கிவிடும்.

உணவுப் பட்டியலுக்கு வருகிறேன். என் கோபத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. செல்போனில் சுற்றும் பட்டியல்களைக் கேட்டு நடந்தால் ஏழை மனிதர் தின்ன ஒன்றும் மிஞ்சாது. பருப்பு கூடாது, கீரை கூடாது, பீன்ஸ் கூடாது, பட்டாணி கூடாது, காளான் கூடாது, தக்காளி கூடாது. காப்பித் தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு குடும்பத்தில் புரதம் என்று இருப்பதே அந்தப் பருப்பும் அவரையும்தான். அதை நிறுத்திவிட்டு வெறும் சோற்றில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்காவில் 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. எல்லோரும் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள். பல் மருத்துவர்கள், கால்நடை மருத்துவர்கள், எங்களைப் போன்ற மருந்தாளுநர்களும் அதில் உண்டு. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் அதிகமாக வந்தது. கொழுப்பு குறைந்த பால், தயிர் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக வந்தது. ப்யூரின் நிறைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அதனால் கூடுதலாக வரவில்லை. இருபது ஆண்டுக்கு மேலாகியும் இந்தச் சேதி எங்கள் மலைப்பாதையின் வளைவுகளைத் தாண்டி மேலே ஏறி வரவில்லை. தக்காளிக்குத் தடை மட்டும் ஒரே இரவில் வந்து சேர்ந்துவிட்டது.

பருப்புக்கு இவ்வளவு கெடுபிடி செய்யும் படங்கள் பீரைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றன. கலர் பானத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. பீரிலும் மற்ற சாராய வகைகளிலும் உள்ள ஆல்கஹால் யூரிக் அமிலத்தைக் கூட்டவும் செய்யும், சிறுநீரகம் அதை வெளியேற்றுவதைத் தடுக்கவும் செய்யும். பீரில் ப்யூரினும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை கலந்த குளிர்பானத்திலும் பாட்டில் ஜூஸிலும் உள்ள ஃபிரக்டோஸ் உடம்புக்குள் போய் யூரிக் அமிலத்தை உண்டாக்கும். சுற்றுலாக்காரர்களுக்காக வந்த பாட்டில்கள் இன்று எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் கதவு மறையும் அளவுக்குத் தொங்குகின்றன. தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதை நாகரிகக் குறைவாக நினைக்கும் இளவட்டங்கள் வந்துவிட்டார்கள். வேலைக் களைப்பில் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும், சாயங்காலம் அந்தத் தாகத்தை மதுவால் தீர்ப்பதும் இந்த நோய்க்கு வழி திறந்துவிடும்.

படத்தில் எங்கள் சாப்பாட்டு இலை வர வேண்டும் என்பது என் வேண்டுகோள். வெளிநாட்டுப் படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுத்து அனுப்புகிறார்கள். அதில் மாட்டுத்தொடைக் கறி வறுபடுகிறது, பெரிய சிவப்பு இறால் வருகிறது, செர்ரிப் பழம் சாப்பிடச் சொல்கிறார்கள். செர்ரிக்கு நான் எங்கே போவேன்? எங்களுக்குக் காட்ட வேண்டியவை ஆட்டு ஈரல், குடல், மூளை, தலைக்கறிக் குழம்பு, நெத்திலிக் கருவாடு, மத்தி மீன். இவற்றை அடிக்கடி, கும்பா கும்பாவாகச் சாப்பிடுவதைக் குறைக்கச் சொல்ல வேண்டும். சௌசௌ கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், பருப்புக் குழம்பு, மோர், மலைவாழைப்பழம், ஆரஞ்சு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம் என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். காப்பியையும் மறக்க வேண்டாம். அன்றாடம் காப்பி குடிப்பவர்களிடம் கவுட் குறைவாகக் காணப்படுகிறது என்று பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. காப்பியை மருந்தாக நினைத்துக் குடம் குடமாகக் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் காப்பி விளைவிக்கும் மலையில் வந்து "காப்பியை நிறுத்து" என்று யாரோ எடுத்த படம் சுற்றுவதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. சர்க்கரையைக் குறைத்துப் போட்டால் சரி.

உணவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதையும் சொல்கிறேன்: உணவு மட்டும் காரணமில்லை. பரம்பரை, உடல் பருமன், ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும், சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் சில நீர் மாத்திரைகள், இவையெல்லாம் இதில் உண்டு. இதைச் சொல்லாத பாடம் நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். கவுட் என்றாலே தொந்தியும் கையில் பீர் டம்ளருமாக ஒரு ஆணைத்தான் எல்லாப் படத்திலும் வரைகிறார்கள். ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மைதான். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வருகிறது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும், வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத ஒரு அம்மாள் விரல் வீங்கி வந்தார். இது கவுட்டாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். "என்னம்மா, என்னைக் குடிகாரி என்கிறாயா?" என்று கேட்டுவிட்டு, வாங்கிய தைலத்தின் பாக்கிச் சில்லறையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். அவருடைய மகளைப் பிடித்து விளக்கிச் சொல்லி அனுப்ப நாளாயிற்று. படத்தில் ஒரு முறையாவது ஐம்பத்தைந்து, அறுபது வயதுப் பெண் ஒருவர் வரட்டும். நீர் மாத்திரை என்றதும் இன்னொரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். அதைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. மாற்று மருந்து உண்டா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். இதைச் சேர்க்காமல் விட்டால், விரலைக் காப்பாற்றப் போய்ப் பக்கவாதத்தில் விழுவார்கள்.

பரிசோதனைச் சீட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோ ஒன்றுகூட நான் பார்த்ததில்லை. மலையில் இருப்பவர்கள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறங்க வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அப்படிப் போய் வாங்கிவந்த சீட்டில் மூன்று விதமான குழப்பம். முதலாவது, வலி உச்சத்தில் இருக்கும்போது எடுத்தால் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பதுபோல் காட்டக்கூடும். "எனக்கு அது இல்லையாம்" என்று நிம்மதியாகப் போய்விடுவார்கள். வலி அடங்கி இரண்டு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டாவது, சீட்டின் ஓரத்தில் 7 அல்லது 7.2 வரை சரி என்று அச்சிட்டிருப்பார்கள். கவுட் வந்து யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது பொருந்தாது. அவருக்கு 6-க்குக் கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் படிந்த உப்பு கரையும். 6.9 என்று சீட்டைக் காட்டிச் சந்தோஷமாகச் சிரிக்கும் மனிதரிடம் இதை விளக்குவது பெரும்பாடு. மூன்றாவது, எந்த வலியும் இல்லாமல், ஏதோ ஒரு மொத்தப் பரிசோதனையில் 7.5 என்று வந்துவிட்டதே என்று பயந்து மாத்திரை கேட்டு வருபவர்கள். வலியே வராதவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. எடை, மது, இனிப்புப் பானம் இவற்றைக் கவனித்து, ரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொண்டால் போதும். தடுப்பு என்ற பெயருக்குப் பொருத்தமானவர்கள் இவர்கள்தான். பாடம் முதலில் போய்ச் சேர வேண்டியதும் இவர்களிடம்தான். ஒரு சீட்டைப் பெரிதாகத் திரையில் காட்டி, எந்த வரியை எப்படிப் படிப்பது என்று ஒரு நிமிடம் சொல்லிக்கொடுத்தால் எவ்வளவோ புண்ணியம்.

மாத்திரையைப் பற்றி. யூரிக் அமிலத்தைக் குறைக்க நீண்ட காலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினால் என்ற மாத்திரை 1960-களிலிருந்து புழக்கத்தில் இருக்கும் பழைய மருந்து, விலையும் குறைவு. ஆனால் அதைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் உப்பு கரையத் தொடங்குவதால் வலி முன்பைவிட அடிக்கடி வரக்கூடும். முன்கூட்டியே இதைச் சொல்லாவிட்டால் நோயாளி என்ன நினைப்பார்? மாத்திரைதான் வலியைக் கொண்டுவந்தது என்று நினைப்பார். பாதி அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி பொடிக்காரரிடம் போவார். அதே மாத்திரையால் சிலருக்கு உடம்பில் தடிப்பு கிளம்பினால், அப்போது மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும். எப்போது விடக்கூடாது, எப்போது விட்டே ஆக வேண்டும் என்ற இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லாத பாடம் ஆபத்தானது. காய்ச்சலோடு ஒரு மூட்டு கொதித்து வீங்கினால் அது கவுட்டாக இல்லாமல் மூட்டில் சீழ் பிடித்ததாகவும் இருக்கலாம். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வலி மாத்திரையை என்னிடம் கேட்டு, நான் மருந்துச் சீட்டு கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு அந்த மாத்திரைகள் என்ன செய்யும் என்பதையும் படத்தில் சொன்னால் எனக்குச் சண்டை குறையும்.

எங்கள் மலையடிவாரத்துக்கென்று தனியாக ஒரு காட்சி வேண்டும். ஒட்டன்சத்திரம், தாராபுரம் பக்கத்து நிலங்களில் கண்வலிக்கிழங்கு பயிரிடுகிறார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. அதன் விதையிலிருந்துதான் கவுட் வலியை அடக்கும் கோல்சிசின் எடுக்கப்படுகிறது. விதை என்ன விலை போகிறது என்று கீழ்நாட்டு விவசாயிகள் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். அந்த மருந்துக்கும் இந்தச் செடிக்கும் உள்ள தொடர்பு தெரிந்த ஒருவர் என்னிடம், "எங்கள் வேலியில் படர்கிறதை விட்டுவிட்டு உங்களிடம் ஏன் காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் பேச்சே வரவில்லை. அந்தக் கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லும் நஞ்சு. கோல்சிசினைப் பொறுத்தவரை வலி தீர்க்கும் அளவுக்கும் உயிரை எடுக்கும் அளவுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் மாத்திரையாகவே வாங்கினாலும் டாக்டர் எழுதிய அளவில் ஒன்றுகூடக் கூட்டக் கூடாது என்கிறோம். அழகான பூவைக் காட்டி "இயற்கையின் கொடை" என்று ஆரம்பிக்கும் படம் ஒன்று போதும், யாராவது ஒருவர் வேலியைத் தோண்டிவிடுவார். படம் எடுப்பவர்கள் இந்தப் பூவைத் தொட்டால், எச்சரிக்கையோடு மட்டுமே தொட வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே படத்தில் திணித்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு சங்கதி போதும். பெரும்பாறையிலிருந்து மங்களம்கொம்பு வரும் வழியில் ஒரு வளைவில் செல்போன் பேசும், அடுத்த வளைவில் ஊமையாகிவிடும். பெரிய கோப்பு எங்களுக்கு வந்து சேராது. பாதியில் சுற்றிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்க்கப் பொறுமை யாருக்கு இருக்கிறது? படத்தைவிடக் குரல் எளிது. நல்ல குரலில், இந்தப் பக்கத்துப் பேச்சில் பதிவு செய்த ஒலித்துண்டு என்றால் பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். அதே ஒலித்துண்டைக் கோடைப் பண்பலை வானொலியிலும் போடலாம். 100.5 எங்கள் மலையில் இன்றும் அடுப்படிகளில் ஒலிக்கிறது. எழுத்து ஓடவிட்டுப் பின்னணியில் வெறும் வீணை வாசிக்கும் படங்களை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு அதில் வீணை மட்டும்தான் கிடைக்கிறது.

நாங்கள் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறை இருக்கிறதே, அதன் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் கியூஆர் குறியீட்டை அச்சிட்டுக் கொடுத்தால் ஒரு பைசா செலவில்லாமல் வீடு வீடாகப் போய்ச் சேரும். வீட்டில் படிக்கும் பிள்ளை அதை ஸ்கேன் செய்து பாட்டிக்குக் காட்டிவிடும். படத்தின் முதல் நொடியிலேயே யார் தயாரித்தது, எந்த மருத்துவர் சரிபார்த்தது, எந்த ஆண்டு என்று தெரிய வேண்டும். வெள்ளைக் கோட்டு நடிகரிடமிருந்து இதைப் பிரித்துக்காட்ட வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் படம் பேசும். கேட்டால் பதில் சொல்லாது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பகுதியில் 517 கவுட் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவர் சிகிச்சை. மற்றவர்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கவனித்துக்கொண்டார்கள். நோய் என்ன, மாத்திரை எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று உட்கார வைத்து விளக்கினார்கள்; கேட்டதற்குப் பதில் சொன்னார்கள்; ரத்தத்தில் அளவு இறங்கும்வரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். இரண்டு ஆண்டு முடிவில், செவிலியர்கள் பார்த்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு யூரிக் அமிலம் 6-க்குக் கீழே வந்திருந்தது. மற்றவர்களில் 30 சதவீதம் பேருக்குத்தான். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த மருந்தை, இருந்த ஆட்களை வைத்தே செய்தார்கள்.

நமக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எடுத்துக்கொண்டு பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். கவுட் வரக்கூடியவர்களில் பலர் அதே வீடுகளில், அதே ரத்த அழுத்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான். அந்தப் பெண்களின் செல்போனில் இந்த ஒலித்துண்டுகள் இருக்கட்டும். அவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள். சம்பளமும் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று இடையில் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். மழையில் அட்டை கடிபட்டு நடப்பவர்களிடம் புதுப்புது வேலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போவது நியாயமில்லை. அவர்களுக்குப் பதில் தெரியாத கேள்விகளை எழுதிக்கொண்டுவந்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கேட்டு, அடுத்த முறை போகும்போது சொல்லலாம். அந்தக் கேள்விகளைச் சேர்த்துத்தான் அடுத்த படத்தை எடுக்க வேண்டும்.

எடுத்த படத்தைச் சோதித்துப் பார்க்கும் முறையும் மாற வேண்டும். "படம் எப்படி இருந்தது?" என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்வார்கள். வந்த விருந்தாளி மனம் கோணக் கூடாதல்லவா? அதை எழுதிக்கொண்டு போய் அறிக்கை தயாரிக்காதீர்கள். "இன்று ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டைவிரல் வீங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "மாத்திரை ஆரம்பித்து ஒரு மாதத்தில் வலி வந்தால் மாத்திரையை என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "பருப்புச் சாப்பிடலாமா?" என்று கேளுங்கள். பாதிப்பேர் தப்பாகச் சொன்னால் படத்தைத் திரும்ப எடுங்கள், பார்த்தவர்களைத் திட்டாதீர்கள்.

நவம்பர் வாக்கில் அராபிகாப் பழம் பறிக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று மாதத்துக்குத் தோட்டங்களில் ஆள் நிறைந்திருக்கும். சாயங்காலம் எடை போடும் இடத்தில் ஆணும் பெண்ணும் மூட்டையோடு வரிசையில் காத்திருப்பார்கள். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும். மாவட்டச் சுகாதாரத் துறையோ, மருத்துவக் கல்லூரி மாணவர்களோ, வேறு யாரோ, இந்த வேலையை எடுத்துக்கொள்பவர்கள் பறிப்புக்கு முன்பே மேலே வந்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போகலாம். கடை வாசலில் நாலைந்து பேர் உட்காரும் பெஞ்சு இருக்கிறது, மின்சாரம் போனால் இன்வெர்ட்டரும் இருக்கிறது. மத்தியானம் வந்தால் ஈ ஓட்டிக்கொண்டு என்னோடு பேசலாம். படத்தைக் காட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வத்தலக்குண்டிலிருந்து சாயங்கால பஸ் வந்து நிற்கும் நேரத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரி ஒருத்தி,
தாண்டிக்குடி வட்டாரம், கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.